‘தி லாங் வாயேஜ் ஹோம்’: முதல்முறை பார்ப்பவருக்கு ஒரு வழித்துணை

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குள் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் ஜான் வேய்ன் பெயரைப் பார்த்துத்தான் இந்தப் படத்தைப் போடுகிறார்கள். குதிரையும் துப்பாக்கியும் வரும் என்று உட்கார்ந்தால், வருவது துருப்பிடித்த ஒரு சரக்குக் கப்பல். அதில் குடித்து, சண்டை போட்டு, புலம்பி, ஊர் திரும்பக் கனவு காணும் ஒரு கூட்டம். ஜான் வேய்ன் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தாலும் ஸ்வீடன்காரர் போல இழுத்து இழுத்து ஆங்கிலம் பேசுகிறார். இருபது நிமிடத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

படம் மோசம் என்பதால் அல்ல. தவறான இடத்தில் கதையைத் தேடுகிறார்கள். ஜான் ஃபோர்டு 1940இல் இயக்கிய இந்தப் படத்தில் கதாநாயகன் கிடையாது. ‘க்ளென்கெய்ர்ன்’ என்ற அந்தக் கப்பலின் ஆட்கள் எல்லோரும் சேர்ந்துதான் ஒரு பாத்திரம். அவர்களுக்குக் கடல் எவ்வளவு ஆபத்தோ, கரை அதைவிட ஆபத்து. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. மீதிக்குத்தான் கீழே உள்ள படிகள். கடைசிப் பகுதியில் யாருக்கு என்ன ஆகிறது என்பதை இங்கே சொல்லவில்லை. நடுவில் நடப்பதில் ஒன்றிரண்டைச் சொல்லாமல் விளக்க முடியாது, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பிரதியையும் திரையையும் சரிசெய்யுங்கள்

படத்தின் நீளம் ஏறக்குறைய 105 நிமிடம். உங்களிடம் இருப்பது அதைவிட மிகக் குறைவாக இருந்தால் வெட்டப்பட்ட பிரதி, வேறு தேடுங்கள்.

அந்தக் காலப் படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம். டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரவேண்டும். பட்டை கண்ணை உறுத்துகிறது என்று ரிமோட்டை எடுத்துப் படத்தை இழுத்து நிரப்பினால், ஆட்கள் குண்டாவார்கள், அல்லது தலையும் காலும் வெட்டுப்படும். இந்தப் படத்தில் சட்டகத்தின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் வேலை இருக்கிறது, அதனால் இழப்பு அதிகம். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

படத்தில் பாதிக்கு மேல் இரவு. பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தால் கறுப்பில் கறுப்புதான் தெரியும். இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். போனில் பார்ப்பதாக இருந்தால் பார்க்காமலிருப்பதே நல்லது என்று சொல்லத் தோன்றுகிறது. வேறு வழியில்லை என்றால் திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து, இருட்டில் பாருங்கள்.

ஆங்கில வசனவரிகள் கட்டாயம். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. ஐரிஷ், லண்டன், ஸ்வீடிஷ் என்று ஆளுக்கொரு உச்சரிப்பு. பாதி நேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கணினி தானாக உருவாக்கும் வரிகளை நம்பவேண்டாம், அவை இந்தக் கூச்சலில் தடுமாறிவிடும்.

படி 2: ஆறு முகங்களை மனதில் வையுங்கள்

முதல்முறை பார்ப்பவர்களின் பெரிய சிக்கல், யார் யார் என்று பிடிபடாமல் போவது. எல்லோரும் தொப்பியும் அழுக்குச் சட்டையுமாக இருட்டில் நிற்கிறார்கள். ஆறு பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

டிரிஸ்கால்: கூட்டத்தின் தலைவன் மாதிரி. ஐரிஷ்காரன், முரடன், எல்லா வம்புக்கும் முதல் ஆள். நடித்தவர் தாமஸ் மிட்செல். இதற்கு முந்தைய வருடம் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் குடிகார டாக்டராக வந்து ஆஸ்கர் வாங்கியவர். ‘கான் வித் த விண்ட்’ பார்த்தவர்களுக்கு ஸ்கார்லெட்டின் அப்பாவாகத் தெரியும்.

யாங்க்: டிரிஸ்காலின் உயிர்த்தோழன், வார்டு பாண்ட் நடித்தது. உடம்பு பெரியது, குரலும் பெரியது.

ஸ்மிட்டி: இங்கிலாந்துக்காரன். மற்றவர்களோடு ஒட்டாமல் ஓரமாக நின்று குடிப்பவன். படித்தவன் என்பது பேச்சிலேயே தெரியும். இயன் ஹண்டர்.

ஓல்சன்: ஜான் வேய்ன். ஊரில் அம்மாவும் நிலமும் காத்திருக்கின்றன. சம்பளம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் குடித்துத் தீர்த்துவிட்டு மறுபடியும் கப்பலேறும் ஆள். இந்தத் தடவையாவது போய்ச்சேர வேண்டும். இந்த ஸ்வீடிஷ் உச்சரிப்புக்காக ஓசா மாசன் என்ற டேனிஷ் நடிகையிடம் வேய்ன் பயிற்சி எடுத்தார். அது எடுபட்டதா என்றால், பாதிதான். ஆனால் அந்தத் தயக்கமே பாத்திரத்துக்குப் பொருந்திவிடுகிறது.

ஆக்செல்: ஓல்சனுக்குக் காவல்தெய்வம் போல ஒட்டிக்கொண்டே திரியும் சின்ன உருவம், ஜான் குவாலன்.

காக்கி: முணுமுணுத்துக்கொண்டே சாப்பாடு பரிமாறும் பணியாள், பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு. இதே படத்தில் ‘டாங்கிமேன்’ என்று கூப்பிடப்படும் அமைதியான ஆள் ஒருவர் வருவார். அவர் ஆர்தர் ஷீல்ட்ஸ், ஃபிட்ஸ்ஜெரால்டின் சொந்தத் தம்பி. இருவரும் டப்ளினின் ஆபி நாடக அரங்கிலிருந்து வந்தவர்கள். ஒருவர் ஓயாமல் பேச, இன்னொருவர் பேசாமலே இருக்க, அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

டாங்கிமேன் என்றால் கப்பலின் சின்ன உதவி எஞ்சினைக் கவனித்துக்கொள்பவர். கரைக்குப் போகும் ஆசையை விட்டுவிட்டவராக இவரைக் காட்டுகிறார்கள். ஆறு பேர் என்று சொல்லிவிட்டு ஏழாவதைச் சேர்க்கிறேன், ஆனால் கடைசி நிமிடங்களில் இவரைக் கவனிக்காமல் விட்டால் நஷ்டம்.

படி 3: ஒரே கதையாகப் பார்க்காமல் நான்கு கதைகளாகப் பாருங்கள்

படம் ஏன் திட்டுத்திட்டாக நகர்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. யூஜீன் ஓநீல் எழுதிய நான்கு ஓரங்க நாடகங்களை டட்லி நிக்கல்ஸ் ஒரே திரைக்கதையாகத் தைத்தார். ஓநீல் 1936இல் நோபல் பரிசு வாங்கியவர். அதற்கெல்லாம் முன்னால், இருபது வயதைத் தாண்டியதும், 1910இல் பாஸ்டனிலிருந்து ஒரு நார்வே பாய்க்கப்பலில் பியூனஸ் அயர்ஸ் போனார். அங்கே கையில் காசில்லாமல் சுற்றித் திரிந்துவிட்டு, ‘இகாலா’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் வேலை செய்துகொண்டே திரும்பினார். க்ளென்கெய்ர்னுக்கு மூலம் அந்தக் கப்பல்தான். டிரிஸ்கால் என்ற பெயரிலேயே அவருக்கு ஒரு கப்பல் நண்பர் இருந்தார்.

நான்கு துண்டுகளும் ஏறக்குறைய இப்படி வரும்:

முதலாவது, கரீபியன் துறைமுகத்தில் ஓர் இரவு. கரையிலிருந்து பெண்களின் பாட்டு மிதந்து வருகிறது. கப்பலை விட்டு இறங்க அனுமதி இல்லை. பெண்கள் பழக்கூடையோடு கப்பலுக்கு வருகிறார்கள், கூடைக்கு அடியில் ரம். பிறகு நடப்பதை ஊகிக்கலாம்.

அடுத்து பால்டிமோர். அங்கே ஏற்றும் சரக்கு வெடிமருந்து. இங்கிலாந்துக்குப் போகவேண்டும். அட்லாண்டிக்கில் புயல். யாங்குக்கு மோசமான அடி. கப்பலில் டாக்டர் கிடையாது.

மூன்றாவது, நீர்மூழ்கிக் கப்பல்கள் திரியும் போர்ப்பகுதி. ஜன்னல் துவாரங்களை மூடி, வெளிச்சமே வெளியில் போகாமல் கப்பல் நகர்கிறது. ஸ்மிட்டி ஒரு கறுப்புப் பெட்டியை ஒளித்துவைத்திருப்பதை மற்றவர்கள் பார்த்துவிடுகிறார்கள். உளவாளியோ என்ற சந்தேகம்.

நான்காவது, கரை. லண்டன். சம்பளம் கையில். ஓல்சனை எப்படியாவது ஸ்டாக்ஹோமுக்குக் கப்பலேற்றிவிட வேண்டும் என்று மொத்தக் கூட்டமும் காவலுக்குக் கிளம்புகிறது.

ஒரே மூச்சில் பார்க்க முடியாதவர்கள் யாங்க் பகுதி முடிந்ததும் நிறுத்தி மறுநாள் தொடரலாம். வேறு எந்த இடத்தில் நிறுத்தினாலும் கயிறு அறுந்துவிடும். குறிப்பாக ஸ்மிட்டி பகுதியைப் பாதியில் விடாதீர்கள்.

நான்காவது துண்டில் ஒரு தரகன் வருவான். முன்பே தெரிந்திராவிட்டால் அவன் எதற்காக இவ்வளவு குழைகிறான் என்று புரியாது. அந்தக் காலத்தில், கெட்ட பெயர் வாங்கிய கப்பல்களுக்கு யாரும் விரும்பி வேலைக்குப் போகமாட்டார்கள். அதனால் துறைமுக மதுக்கடைகளில் ஆள்பிடிக்கிற தரகர்கள் சுற்றினார்கள். மாலுமியைக் குடிக்கவைத்து, தேவைப்பட்டால் குடியில் மயக்கமருந்து கலந்து, நினைவில்லாமல் கிடக்கும் ஆளைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிடுவார்கள். விழிக்கும்போது நடுக்கடல். இந்தப் படத்தில் அப்படி ஆள் தேடும் கப்பலின் பெயர் ‘அமிண்ட்ரா’. அந்தப் பெயரைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதுக்கடையில் ஓல்சனிடம் பேச்சுக்கொடுக்கும் ஃப்ரெடா என்ற பெண்ணையும் கவனியுங்கள். மில்ட்ரெட் நாட்விக்குத் திரையில் இதுதான் முதல் வேடம். அவள் முகத்தில் ஓடும் தயக்கம் அந்தக் காட்சியை வெறும் ஏமாற்றுவேலையாக விடாமல் காப்பாற்றுகிறது.

படி 4: முகத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தைப் பாருங்கள்

இந்தப் படத்தை இன்றும் தேடிப் பார்ப்பதற்கு முதல் காரணம் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டு. பெயர்ப் பட்டியலில் ஃபோர்டு தன் பெயர் வரும் அதே அட்டையில் டோலண்டு பெயரையும் போட்டிருக்கிறார். அந்த நாளில் இயக்குநர்கள் அவ்வளவு லேசில் செய்யாத காரியம். அடுத்த வருடம் ‘சிட்டிசன் கேன்’ படத்தில் ஆர்சன் வெல்ஸும் இதே டோலண்டுக்கு இதே மரியாதையைச் செய்தார்.

மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, கூரை. அக்காலத்து ஹாலிவுட் அரங்குகளுக்குப் பொதுவாகக் கூரை இருக்காது. மேலே விளக்குகள் தொங்கும். இங்கே ஆட்கள் தூங்கும் அறையைக் கேமரா தாழ்ந்து பார்க்கிறது. மேல்கூரை கண்ணில் படுகிறது, தலையில் இடிக்கும் போல இருக்கிறது. ‘சிட்டிசன் கேன்’ படத்தின் கூரைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடம் முன்பே அவை இந்தக் கப்பலில் இருந்தன.

இரண்டு, ஆழம். முன்னால் ஒருவன் படுக்கையில் கிடப்பான், பின்னால் வாசலில் இன்னொருவன் நிற்பான், இருவருமே துல்லியமாகத் தெரிவார்கள். லென்சின் துவாரத்தைச் சுருக்கினால்தான் இது கைகூடும். சுருக்கினால் வெளிச்சம் குறையும். குறைந்ததை ஈடுகட்ட விளக்குகளைக் கூட்டவேண்டும். விளக்கைக் கூட்டியும் காட்சி இருட்டாகவே தெரியவேண்டும் என்றால் எவ்வளவு கணக்குப் போட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இதனால் நமக்கு என்ன லாபம்? ஒருவன் பேசும்போது மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதும் அதே சட்டகத்தில் கிடைக்கிறது. கூட்டமே பாத்திரம் என்று மேலே சொன்னேனே, அதைக் கேமரா இப்படித்தான் சாதிக்கிறது.

இதற்கு நல்ல சோதனை ஸ்மிட்டியின் பெட்டியைத் திறக்கும் காட்சி. டிரிஸ்கால் உள்ளே இருக்கும் கடிதங்களை உரக்கப் படிக்கத் தொடங்குவான். முதல் பார்வையில் படிப்பவனையும் கட்டிவைக்கப்பட்டவனையும்தான் பார்ப்போம். சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று ஒவ்வொருவனாகக் கண்ணைத் திருப்புவான். கடிதங்களில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். என் கணக்கில் படத்தின் உச்சம் இதுதான், புயலும் குண்டுவீச்சும்கூட எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

மூன்று, பேச்சில்லாத இடங்கள். தொடக்கத்தில் நிலவொளி, தென்னை நிழல், கரையில் பெண்கள், கப்பலில் காத்துக்கிடக்கும் ஆண்கள்; யாரும் பேசுவதில்லை. ஃபோர்டு மௌனப்பட நாட்களிலேயே இயக்குநரானவர் என்பது இங்கே தெரியும். இந்தச் சில நிமிடங்களை வேகமாக ஓட்டிவிட்டால் படத்தின் மூச்சு பிடிபடாது.

புயல் காட்சியில் மட்டும் இதையெல்லாம் மறந்துவிட்டுப் பாருங்கள். தளத்தில் தண்ணீர் ஆட்களைச் சுருட்டி எறிகிறது. 1940இன் கருவிகளை வைத்துக்கொண்டு எடுத்தது. சிறப்புத் தோற்றங்களுக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. விமானத் தாக்குதலும் அப்படித்தான், பயமுறுத்துவது பெரும்பாலும் சத்தமும் தளத்தில் தெறிக்கும் குண்டுகளும்.

படி 5: எந்த வருடத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள்?

நாடகங்கள் முதல் உலகப்போர்க் காலத்தவை. யாங்கின் கதை மேடையேறியது 1916இல், மாசசூசெட்ஸின் ப்ராவின்ஸ்டவுனில், ஒரு படகுத்துறைக் கொட்டகையில். ஃபோர்டும் நிக்கல்ஸும் காலத்தை இரண்டாம் உலகப்போருக்கு நகர்த்தினார்கள். படம் வெளியானது 1940 அக்டோபரில். பிரிட்டன் போருக்குள் நுழைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. லண்டன்மீது தினம் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் போருக்குள் வரவில்லை, அதற்கு 1941 டிசம்பர் ஆகவேண்டும். அமெரிக்காவிலிருந்து வெடிமருந்து ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போகும் கப்பல் என்பது அன்றைய பார்வையாளருக்குக் காலைப் பத்திரிகைச் செய்தி. நமக்குச் சரித்திரம். அந்த இடைவெளியை மனதில் வைத்துப் பார்த்தால் விளக்கை மூடும் காட்சிகளின் பதற்றம் புரியும்.

அந்தக் காலத்துப் படம் என்பதால் சில குறைகளும் உண்டு. கரீபியன் பெண்களுக்கு ஆசைப்பொருள் என்பதைத் தாண்டி எந்த வாழ்க்கையும் படம் தரவில்லை. அப்புறம், நம் பக்கத்திலிருந்து பார்க்கும்போது உறுத்தும் இன்னொன்று: அக்காலப் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் பெருந்தொகையாக உழைத்தார்கள். கடலில் செத்தவர்களிலும் அவர்கள் உண்டு. இந்தக் கதையில் அவர்களுக்கு இடமில்லை. ஓநீல் தான் பார்த்த கப்பலைத்தான் எழுதினார், அது நியாயம்தான். ஆனால் பிரிட்டிஷ் கப்பல் உலகம் முழுக்க இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக்கூடாது.

படி 6: பார்த்து முடித்தபின்

ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, சிறந்த படத்துக்கானது உட்பட. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த வருடச் சிறந்த படம் ஹிட்ச்காக்கின் ‘ரெபெக்கா’. இயக்குநர் விருது ஃபோர்டுக்கே கிடைத்தது, ஆனால் அதே 1940இல் அவர் எடுத்த ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ படத்துக்காக. வசூலிலும் கப்பல் கவிழ்ந்தது. ஓநீலுக்கோ, தன் நாடகங்களிலிருந்து எடுத்த படங்களில் இதுதான் மிகவும் பிடித்தது. காசு கொடுத்த கூட்டத்தைவிட எழுதியவருக்கே அதிகம் பிடித்த படம் என்பது எனக்கு நல்ல சிபாரிசாகப் படுகிறது.

முதலில் செய்யவேண்டியது நாடகங்களைப் படிப்பது. 1919இல் தொகுப்பாக வந்தவை; அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஒவ்வொன்றும் ஒரே உட்காரலில் முடியும். படத்துக்கு முன்னால் படிக்காதீர்கள். ஓல்சனின் கதை நாடகத்தில் முடிவதும் படத்தில் முடிவதும் வேறுவேறு. எது பொருத்தம் என்று இரண்டையும் தெரிந்தபின் சண்டை போடலாம். நான் படத்தின் கட்சி.

அடுத்து, கிராண்ட் வுட் வரைந்த ‘சென்டிமென்டல் பாலட்’ ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். தயாரிப்பாளர் வால்டர் வேங்கர் விளம்பரத்துக்காக ஒன்பது ஓவியர்களை அழைத்து, இந்தப் படத்தை வைத்து வரையச் சொன்னார். தாமஸ் ஹார்ட் பெண்ட்டனும் அதில் ஒருவர். கவைமுள் பிடித்த விவசாயியும் பக்கத்தில் ஒரு பெண்ணும் நிற்கும் ‘அமெரிக்கன் காதிக்’ ஓவியத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதை வரைந்த அதே வுட், போதை ஏறிப் பாடிக்கொண்டிருக்கும் இந்த மாலுமிகளை வரைந்திருக்கிறார். படம் பார்த்தபின் அதில் யார் யார் என்று கண்டுபிடிப்பது நல்ல விளையாட்டு.

அப்புறம் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. அதே வருடம், அதே இயக்குநர், அதே ஒளிப்பதிவாளர். ஜான் குவாலனும் இருக்கிறார், நிலத்தை விட்டுப் போக மறுக்கும் விவசாயியாக. அதற்கடுத்து ‘சிட்டிசன் கேன்’. இந்த வரிசையில் பார்த்தால் டோலண்டின் கை எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியும். அவர் 1948இல், 44 வயதிலேயே இறந்துவிட்டார். ஒரு மாத வார இறுதிகளில் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம்.

இரண்டாம் முறை இந்தப் படத்துக்குத் திரும்பினால் வசனவரிகளை அணைத்துவிடுங்கள். கதை தெரிந்துவிட்டது, இனி யார் என்ன கத்துகிறார்கள் என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு காட்சியிலும் டாங்கிமேன் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் தேடிக்கொண்டே போங்கள்.